விமான ஒளிப்படமும் புவியியற் கல்வியும்

நிலவுலகைப் பற்றிய மனிதனின் அறிவு நெடுங்காலமாக அவன் கால்களையே நம்பியிருந்தது. நடந்தவன் கண்டான், கண்டவன் அளந்தான், அளந்தவன் தேசப்படம் வரைந்தான். மலையுச்சியும் கோபுரமும் கப்பலின் பாய்மரமும் அவனுடைய பார்வையை ஓரளவு விரித்தனவேயன்றி, நிலத்தை நேர் மேலேயிருந்து நோக்கும் வாய்ப்பை அவனுக்கு அளிக்கவில்லை. அவ்வாய்ப்பைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பலூனும் ஒளிப்படக் கருவியும் ஒருங்கே நல்கின. அன்று தொடங்கிய விமான ஒளிப்படக் கலை இன்று பாடசாலைப் புவியியலின் ஓர் அங்கமாகிவிட்டது. ஆயினும், அப்படத்தைப் பார்ப்பது வேறு, வாசிப்பது வேறு என்னும் உண்மை பல வேளைகளில் மறக்கப்படுகின்றது. அவ்வுண்மையை இக்கலையின் வரலாறே நன்கு விளக்குகின்றது.

தேசப்படத்தையும் விமான ஒளிப்படத்தையும் ஒப்புநோக்கின் இவ்வேறுபாடு தெளிவாகும். தேசப்படம் பேசும் இயல்புடையது. அதனை வரைந்தவன் எதனைக் காட்டுவது, எதனை விடுவது என முன்னரே முடிவு செய்து, குளத்துக்கு ஒரு நிறமும் தெருவுக்கு ஒரு கோடும் ஊருக்கு ஒரு பெயரும் கொடுத்துவிடுகின்றான். ஒளிப்படமோ ஊமை. கருவியின் கண் திறந்த அக்கணத்தில் நிலத்தின்மீது இருந்தவை யாவும் வேறுபாடின்றி அதிற் பதிகின்றன. ஆலயமும் அதன் நிழலும், வயலும் வயலிற் கிடக்கும் வைக்கோற்போரும் ஒரே தரத்தனவாய் அதில் அமைகின்றன. எதற்கும் பெயரில்லை, எதற்கும் விளக்கமில்லை. பெயரையும் விளக்கத்தையும் வாசிப்பவனே கொணர்தல் வேண்டும்.

தொடக்கம்

நடார் என்னும் புனைபெயர் பூண்ட பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் பெலிக்ஸ் தூர்னஷோன் 1858ஆம் ஆண்டிற் பாரிசு நகரின் அயலில் பலூனில் ஏறி நிலத்தைப் படம்பிடித்தார். அவர் அன்று எடுத்த படங்கள் இன்று எஞ்சவில்லை. 1860ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரை ஜேம்ஸ் வாலஸ் பிளாக் என்பார் பலூனிலிருந்து எடுத்த படமே இன்று எஞ்சியுள்ள விமான ஒளிப்படங்களுள் மிகப் பழையதாகக் கருதப்படுகின்றது. எனினும், காற்றின் போக்கிற் செல்லும் பலூன் வேண்டிய இடத்துக்குச் செல்லாது. வேண்டிய இடத்துக்கு வேண்டிய உயரத்திற் சென்று படமெடுக்கும் ஆற்றல் ஆகாய விமானம் தோன்றிய பின்னரே வாய்த்தது. 1914ஆம் ஆண்டில் மூண்ட முதலாம் உலகப்போர் அவ்வாற்றலை விரைந்து வளர்த்தது. எதிரியின் அகழிகளையும் பீரங்கி நிலைகளையும் கண்டறிவதற்காக ஆயிரக்கணக்கான படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றை வாசிப்பதற்கெனத் தனிப் பயிற்சி பெற்றோர் குழுவொன்றும் உருவாயிற்று. போர் பெற்ற பிள்ளையாகவே இக்கலை பிறந்தது எனலாம். ஆயினும், அதனைக் கல்விக்கு உரியதாக்கியவர்களுள் முதன்மையானவர் ஒரு புவியியல் மாணாக்கரேயாவர்.

குரோபோட்டும் வூட்ஹெஞ்சும்

ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திற் புவியியல் பயின்ற ஓ. ஜீ. எஸ். குரோபோட் என்பார் முதலாம் உலகப்போரின்போது பிரித்தானிய விமானப்படையில் அவதானிப்பாளராகப் பணியாற்றினார். 1918ஆம் ஆண்டில் அவரது விமானம் வீழ்த்தப்பட, அவர் யேர்மனியிற் சிறையிருந்தார். போர் முடிந்தபின், 1920ஆம் ஆண்டில் பிரித்தானிய ஓட்னன்ஸ் நில அளவைத் திணைக்களத்தின் முதலாவது தொல்பொருள் அலுவலராக நியமனம் பெற்றார். 1922ஆம் ஆண்டில் விமானப்படையினர் எடுத்த சில படங்கள் அவருக்குக் காட்டப்பட்டன. கம்சயர்ப் பகுதியிலுள்ள வெறும் புல்வெளிகள் என எல்லோரும் எண்ணியிருந்த நிலத்தின்மீது, சிறு சிறு சதுரங்களாக வரம்பிட்ட பண்டைய வயல்களின் கோலம் அப்படங்களில் விரிந்து கிடந்தது. தரையில் நின்றவனுக்குத் தொடர்பற்ற மேடுகளாகத் தோன்றியவை மேலிருந்து நோக்கியவனுக்கு ஒரு சமுதாயத்தின் வேளாண்மையாகத் தோன்றின.

அடுத்த ஆண்டில் அவர் மற்றுமொரு கண்டுபிடிப்பைச் செய்தார். ஸ்டோன்ஹெஞ் எனப்படும் பெருங்கல் வட்டத்திலிருந்து புறப்படும் பண்டைய நடைபாதையின் ஒரு பகுதி உழவினால் முற்றாக அழிந்து, அது சென்ற வழி யாருக்கும் தெரியாதிருந்தது. 1921ஆம் ஆண்டில் விமானப்படையினர் பயிற்சிக்காக எடுத்து, எவரும் உற்றுநோக்காது விட்டிருந்த படங்களில் அவ்வழி இரு கரிய கோடுகளாக ஏவன் ஆற்றை நோக்கிச் செல்வதைக் குரோபோட் கண்டார். அவர் படத்தோடு நின்றுவிடவில்லை. 1923ஆம் ஆண்டிலேயே அவ்விடத்துக்குச் சென்று, குறுக்காக அகழ்ந்து, கோடுகள் காட்டிய இடத்தில் பண்டைய அகழிகள் உண்மையாகவே இருந்தன என்பதை நிறுவினார். பின்னர் அலெக்சாந்தர் கெயிலர் என்பாரோடு 1924ஆம் ஆண்டிற் பறந்து எடுத்த படங்கள் 1928ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்து இத்துறைக்கு அடிப்படையாயின.

மண்ணுள் மறைந்த அகழி படத்தில் எவ்வாறு தோன்றும்? அதன் காரணம் எளிது. தூர்ந்த அகழியில் மண் ஆழமாகவும் ஈரமாகவும் இருக்கும். அதன்மேல் வளரும் பயிர் உயர்ந்து செழித்துப் பிந்தி முற்றும். புதைந்த சுவரின்மேல் வளரும் பயிர் வேரோட இடமின்றிக் குறுகி முந்தி மஞ்சளாகும். வறண்ட கோடையில் இவ்வேறுபாடு மிகும். வயலில் நிற்பவனுக்குப் பயிரின் உயரத்திற் சிறு ஏற்றத்தாழ்வு மட்டுமே தெரியும். மேலே பறப்பவனுக்கோ முழுக்கோலமும் உள்ளங்கை நெல்லிக்கனிபோலத் தெரியும்.

இதற்குத் தக்க சான்று வூட்ஹெஞ் ஆகும். ஸ்டோன்ஹெஞ்சுக்கு வடகிழக்கே ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தொலைவில் ஒரு வட்ட மேடு இருந்தது. உழவினாற் சிதைந்த ஈமமேடு என அதனை அறிஞர் கருதிவந்தனர். 1925 டிசெம்பரில் அதற்கு மேலாகப் பறந்த விமானி கில்பேட் இன்சால், வட்டத்துள் வெண்மையான புள்ளிகளைக் கண்டு ஐயுற்றார். அவர் அவசரப்படவில்லை. அடுத்த கோடையிற் கோதுமை வளரும்வரை காத்திருந்து மீண்டும் படமெடுத்தார். பயிரினூடே கரிய புள்ளிகள் ஒன்றனுள் ஒன்றாக வட்ட வரிசைகளிற் காணப்பட்டன. 1926ஆம் ஆண்டிற் கன்னிங்ரன் தம்பதியர் அங்கு தொடங்கிய அகழ்வாராய்ச்சியில், ஆறு வரிசைகளாக நிறுத்தப்பட்ட பெருமரத் தூண்களின் குழிகள் வெளிப்பட்டன. ஈமமேடு என்ற பெயர் நீங்கி, மரத்தால் அமைந்த பெருங்கட்டடம் என்ற பெயர் அதற்கு உரியதாயிற்று. விமானம் வினாவை எழுப்பிற்று. மண்வெட்டி விடை கூறிற்று. இவ்விரண்டனுள் ஒன்று இல்லையாயினும் அவ்வுண்மை வெளிவந்திராது.

கண்டதும் காணாததும்

இரண்டாம் உலகப்போரில் இக்கலை பெருந்தொழிலாகவே வளர்ந்தது. இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள மெட்மென்ஹாம் என்னுமிடத்தில் படவாசிப்பாளர் பலர் ஒருங்கு கூடிப் பணியாற்றினர். தொல்பொருளியலாளரும் புவியியலாளரும் அவர்களுள் அடங்குவர். போருக்கு முன் விமானங்களைப் பற்றி எழுதும் பத்திரிகையாளராயிருந்த கொன்ஸ்ரன்ஸ் பபிங்ரன் சிமித் என்னும் பெண்மணி, பேனெமுண்டே என்னும் யேர்மன் ஆய்வு நிலையத்தின் படங்களை 1943ஆம் ஆண்டின் இறுதியில் ஆராய்ந்தார். விமானத் தளத்தின் விளிம்பிலுள்ள சரிவுத் தளங்கள் கடலடி மணலை அகழும் வேலையைச் சார்ந்தவை என முன்னர் விளக்கப்பட்டிருந்தன. அச்சரிவொன்றின்மீது சிலுவை வடிவான மிகச்சிறு விமானம் நிற்பதை அவர் கண்டார். ஏறத்தாழ இருபது அடி சிறககலமே கொண்ட அது, பின்னர் 1944 யூனில் இலண்டன்மீது ஏவப்பட்ட பறக்குங் குண்டேயாகும். பிரான்சின் வடபகுதியில் அமைக்கப்பட்டுவந்த ஏவுதளங்களிலும் அதே சரிவுகள் காணப்பட்டன. பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்தினர் தரையிலிருந்து அனுப்பிய தகவல்களும் படங்கள் கூறியதனை உறுதிசெய்தன. இங்கும் வானும் தரையும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

அதே போரில் இதற்கு மாறான நிகழ்ச்சியொன்றும் உண்டு. அது படவாசிப்பைக் கற்போர் எவரும் மறக்கலாகாதது. 1944 ஏப்பிரல் 4ஆம் நாள், இத்தாலியிலிருந்து புறப்பட்ட தென்னாபிரிக்க விமானப்படையின் விமானமொன்று போலந்திலுள்ள மொனோவிட்ஸ் தொழிற்சாலையைப் படம்பிடித்தது. செயற்கை எண்ணெயும் இறப்பரும் செய்யும் அத்தொழிற்சாலையைத் தாக்குவதே நோக்கம். கருவி தொடர்ந்து இயங்கியமையால், அயலிலிருந்த அவுஸ்விச் முகாமும் படத்திற் பதிந்தது. அவ்வாண்டு ஓகத்து 25ஆம் நாள் எடுத்த படங்களில் பிர்க்கெனோ முகாமின் புகையிரதப் பாதையும், அதில் நின்ற வண்டித்தொடரும், கொலைக்கூடங்களை நோக்கி வரிசையாகச் சென்ற மக்களும் பதிந்திருந்தனர். வாசிப்பாளர் தொழிற்சாலையைத் துல்லியமாக விவரித்தனர். மக்கள் வரிசையை அவர் இனங்காணவில்லை. அதனைத் தேடும்படி அவர்க்கு எவரும் கூறியிருக்கவுமில்லை. அப்படங்கள் கோப்புக்களில் உறங்கின. 1978ஆம் ஆண்டில், அமெரிக்கப் படவாசிப்பாளரான டினோ புருஜியோனி, றொபேட் புவாரியே ஆகிய இருவர், உயிர்தப்பியோர் அளித்த சாட்சியங்களைக் கையிற்கொண்டு அவற்றை மீண்டும் ஆராய்ந்தபோதே, படம் முப்பத்து நான்கு ஆண்டுகளாகத் தன்னுள் வைத்திருந்ததை உலகு அறிந்தது.

படத்தில் இல்லாதது ஒன்றையும் அவ்விருவர் சேர்க்கவில்லை. நல்ல உருப்பெருக்கிக் கருவி அவர்க்கு உதவியது உண்மையே. ஆயினும், அதனினும் பெரிதாக உதவியது, எதனைத் தேடுகின்றோம் என்ற அறிவேயாகும். கண்ணுக்கு முன் கிடப்பது கருத்துக்கு எட்டாதுபோகலாம் என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேறொன்று தேவையில்லை. விமான ஒளிப்படம் எல்லாவற்றையும் காட்டும் என்று நம்புவோர், அது வினவப்பட்டதற்கு மட்டுமே விடை பகரும் என்பதை இதனால் உணர்தல் வேண்டும்.

போருக்குப் பின்

போர் ஓய்ந்தபின் இக்கலை மீண்டும் கல்விக்கூடத்தை அடைந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற் சென் யோசேப் என்பார் பல்லாண்டுகளாகப் பறந்து ஒரு பெரும் படத்தொகுதியைத் திரட்டினார். பொருளாதார வரலாற்றறிஞரான பெரெஸ்போட்டோடு இணைந்து 1958ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல், இடைக்கால இங்கிலாந்தின் கைவிடப்பட்ட கிராமங்களையும் உழவுச்சால்களையும் படங்களோடு பழைய ஆவணங்களையும் வைத்து விளக்கிற்று. யேர்மன் புவியியலறிஞர் கார்ல் துரோல், அதற்கு முன்னரே, 1939ஆம் ஆண்டில், ஒளிப்படத்தில் தாவரம், மண், நீர், மனிதன் ஆகியவற்றின் தொடர்பை ஒருங்கே நோக்கலாமென எடுத்துக்காட்டி, நிலத்தோற்றச் சூழலியல் என்னும் துறைக்குப் பெயரிட்டார்.

இலங்கையில் இக்கலையின் பெரும் பயன் கொழும்புத் திட்டத்தோடு வந்தது. அத்திட்டத்தின்கீழ்க் கனடா நாட்டின் உதவியுடன் 1956ஆம் ஆண்டில் இலங்கை விமான ஒளிப்படத்தில் அடக்கப்பட்டது. அப்படங்களின் அளவுத்திட்டம் 1:40,000 ஆகும். நில அளவையாளர் காடுகளினூடே நடந்து வரைந்த ஓரங்குல இடவிளக்கப்படங்களுக்கு, மேலிருந்து நோக்கும் துணையொன்று அன்று கிடைத்தது. காட்டு வளத்தை மதிப்பிடுவதற்கு அப்படங்கள் பயன்பட்டன. தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 44 சதவீதம் அடர்காடு என அம்மதிப்பீடு காட்டியது. 2010ஆம் ஆண்டளவிற் காட்டின் பரப்பு 30 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு எனக் கணிக்கப்பட்டது. இரு கணக்குகளிலும் காடு என்ற சொல்லின் வரையறை முற்றும் ஒன்றல்ல என்பதை மாணாக்கர் கவனித்தல் நன்று. எனினும், போக்கு எத்திசையது என்பதில் ஐயமில்லை. மீண்டும் எடுக்க முடியாத படங்கள் அவை. விக்ரோறியா நீர்த்தேக்கம் 1980களில் நிரம்பியபோது பழைய தெல்தெனிய நகரம் நீருள் மூழ்கியது. அப்பள்ளத்தாக்கை அது மூழ்குமுன் அறிய விரும்பும் வரலாற்று மாணாக்கனுக்கு இத்தகைய பழைய படமே கண்ணாகும்.

வகுப்பறையில்

பாடசாலையில் இக்கலையைக் கற்பிக்க அரிய கருவிகள் வேண்டுவதில்லை. முதலிற் கணிதம் வேண்டும். வில்லையின் குவியத்தூரத்தை விமானத்தின் உயரத்தால் வகுக்க அளவுத்திட்டம் பெறப்படும். ஆறு அங்குலக் குவியத்தூரமுடைய கருவியை இருபதாயிரம் அடி உயரத்திற் கொண்டுசென்றால் 1:40,000 என்ற அளவுத்திட்டம் கிடைக்கும். அப்படத்தில் ஒரு கிலோமீற்றர் நீளமான குளக்கட்டு இரண்டரைச் சென்ரிமீற்றர் நீளமாகத் தோன்றும். அடுத்தடுத்த படங்கள் ஏறத்தாழ அறுபது சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எடுக்கப்படுவதால், இரு படங்களைத் திண்மைகாட்டி என்னும் இரட்டை வில்லைக் கருவியினூடே நோக்கின் மேடும் பள்ளமும் எழுந்து நிற்கும். முதன்முறையாக அதனைக் காணும் மாணாக்கன் தன்னையறியாது கைநீட்டி மலையைத் தொட முயல்வதுண்டு.

அடுத்து, வாசிப்பின் படிகளைப் பழக்குதல் வேண்டும். வடிவம், பருமன், நிறச்சாயல், நிழல், மேற்பரப்பின் நயம், கோலம், அமைவிடம் என்பன அப்படிகளாம். இவற்றுள் ஒன்றை மட்டும் நம்புவோன் ஏமாறுவான். நீர் சில படங்களிற் கரிதாகவும், சூரிய ஒளி தெறிக்குமிடத்து வெள்ளையாகவும் தோன்றும். வடபகுதிக் கடனீரேரியின் ஆழமற்ற ஓரம் மாரியில் நீர்; கோடையில் வெளிறிய உப்புத்தரை. ஒரே இடம் இரு பருவத்தில் இரு வேறு இடம்போலத் தோன்றும். வரம்பு கட்டிய நெல்வயலும் வரம்பு கட்டிய உப்பளமும் வடிவத்தால் ஒத்தவை. ஆனையிறவைப் போன்ற இடத்திலுள்ள பாத்திகளை உப்பளமென அறியச்செய்வது அவற்றின் வடிவமன்று. உவர்நீரை அடுத்துள்ள அமைவிடமேயாகும். வளைந்த கரையுடைய நீர்நிலை குளமெனவும், நேர்கோட்டு விளிம்புடைய சதுர நீர்நிலை கேணியெனவும் கொள்ளத்தகும். கேணியைக் கண்டவன் அயலில் ஆலயத்தைத் தேடுவான். வறண்ட வலயத்தின் ஆழமற்ற பள்ளத்தாக்குக்குக் குறுக்கே செல்லும் நீண்ட கோடு இயற்கையின் செயலன்று; அது கட்டாதல் கூடும். ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடரும் சிறுகுளங்கள் ஒரே நீரைப் பலமுறை பயன்படுத்திய பண்டைய ஏற்பாடு என்பதனை, 1985ஆம் ஆண்டிற் பேராசிரியர் மத்தும பண்டார குளத்தொடர் என்ற கருத்தால் விளக்கினார். தனித்தனிக் குளமாக நோக்கியிருந்தால் அத்தொடர் புலப்பட்டிராது.

நிழலும் ஒரு நல்லாசான்; ஆனால் ஏமாற்றுவதிலும் வல்லது. படத்தில் நிழல் வாசிப்பவனை நோக்கி விழுமாறு வைத்தாலன்றி மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தோன்றும். மேல்நாட்டு நூல்கள் நண்பகல் நிழல் வடக்கே விழும் எனக் கூறுவதை ஆராயாது ஏற்பது இலங்கை மாணாக்கர்க்குப் பொருந்தாது. யாழ்ப்பாணத்தில் ஏப்பிரல் நடுப்பகுதி தொடக்கம் ஓகத்து மாத இறுதிவரை நண்பகற் சூரியன் தலைக்கு வடக்கே நிற்பதால், அக்காலத்தில் நிழல் தெற்கே விழும். பாடசாலை முற்றத்தில் ஒரு கோலை நட்டு இதனைக் காட்டலாம். நூலறிவைத் தன் நிலத்தோடு பொருத்திப் பார்க்கும் பழக்கம் இத்தகைய சிறு செயலிலிருந்தே வளர்கின்றது.

இறுதிப்படி நடத்தலாகும். படத்தில் ஐயத்துக்கிடமான மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டு, மாணாக்கர் அங்கு சென்று கண்டு வருதல் வேண்டும். தென்னந்தோப்பு எனக் குறித்தது பனங்கூடலாக இருக்கலாம். பாதை எனக் குறித்தது வாய்க்காலாக இருக்கலாம். அவ்வூரின் முதியவரிடம் வினவின், படத்தில் வெறுந்தரையாகத் தோன்றும் இடத்துக்கு ஒரு பெயரும் ஒரு வரலாறும் இருப்பது தெரியவரும். பிழை கண்டு திருத்திய மாணாக்கன், பிழையின்றிக் குறித்தவனிலும் மிகுதியாகக் கற்றவனாவான்.

முடிவு

1972ஆம் ஆண்டில் முதலாவது லான்ட்சாற் செய்மதி ஏவப்பட்டதன்பின் வானிலிருந்து நோக்கும் கண் இடைவிடாது விழித்திருக்கின்றது. பனிப்போர்க் காலத்தில் வேவு பார்ப்பதற்காக எடுத்த கொரோனாச் செய்மதிப் படங்களும் 1995ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டுத் தொல்பொருளியலாளர் கையை அடைந்தன. குரோபோட் ஒரு படத்துக்காகக் காத்திருந்த காலம் போய், மாணாக்கன் தன் கைத்தொலைபேசியிலேயே தன் வீட்டுக் கூரையை மேலிருந்து காணும் காலம் வந்துள்ளது. படத்துக்குப் பஞ்சமில்லை. வாசிப்புக்கே பஞ்சம் வரலாம்.

படம் அரிதாயிருந்தபோது ஒவ்வொன்றும் உற்றுநோக்கப்பட்டது. படம் பெருகும்போது பார்வை மேலோடிச் செல்லும். மேலிருந்து நோக்குவோன் நிலத்தைச் சொந்தமாக்கிக்கொண்டதுபோல் மயங்குவதும் எளிது. அம்மயக்கத்துக்கு மருந்து இக்கலையின் வரலாற்றிலேயே உள்ளது. இன்சால் ஒரு பருவம் காத்திருந்தார். குரோபோட் மண்ணை அகழ்ந்தார். புருஜியோனியும் புவாரியேயும் துன்புற்றோரின் சொல்லைக் கையிற்கொண்டு படத்தை நாடினர். மூவகையாரும் படத்தை முடிந்த விடையாகக் கொள்ளாது, தொடங்கும் வினாவாகவே கொண்டனர். அப்பண்பை இளமையிலேயே ஊட்டுவது புவியியலாசிரியரின் கடமையாகும். வானத்திலிருந்து காணப்படும் ஒவ்வொரு சதுரத்திலும் மனிதர் வாழ்கின்றனர் என்பதை மறவாத மாணாக்கனே விமான ஒளிப்படத்தை வாசிக்கக் கற்றவனாவான்.